துடக்கு நாளில் திறந்த வகுப்பு

தர்சினி ரீச்சரின் பிடிவாதத்தைப் பற்றி அனலைதீவில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். அவளுடைய கணவன் துஷ்யந்தனைக் கேட்டால் ஒன்பது கதை சொல்வான். ஆனால் அந்தப் பிடிவாதம் எங்கே முளைத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அது கடலுக்கு அந்தப் பக்கம், புளியங்கூடலில், ஒரு குசினியின் அடுப்படியில் முளைத்தது.

அவள் இன்று படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தை ஊர் வடலியடிப் பள்ளிக்கூடம் என்றுதான் சொல்லும். தெற்கே கடை வைத்திருந்த ஒரு மனிதர் பனை வடலிகளுக்கு நடுவே ஓலைக் கொட்டிலில் தொடங்கியது. பிறகு கல்லுக் கட்டடமாகி உயர்தர வகுப்பும் வந்தது. பக்கத்துத் தீவுப் பிள்ளைகள்கூட வள்ளம் ஏறி வந்து படித்தார்கள். சண்டைக் காலத்தில் ஊர் எழும்பிப் போனது. திரும்பி வந்த சனம் கூரை போட்டது, மதில் கட்டியது. கனடாவில் இருக்கிற பழைய மாணவர்கள் வாசலில் ஒரு வளைவும் கட்டித் தந்தார்கள். யானை போகலாம், அவ்வளவு பெரிய வளைவு! உயர்தர வகுப்பு மட்டும் திரும்பி வரவில்லை. அது நடந்த அறைக்குள் உடைந்த மேசை, வாங்குகளை அடுக்கிப் பூட்டிவிட்டார்கள்.

அதனால் தர்சினி சாதாரண தரச் சோதனை பாஸ் பண்ணியதும், உயர்தரம் படிக்கப் புளியங்கூடலில் பெரியம்மா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பெரியம்மா பொல்லாதவள் இல்லை. ஆனால் இன்னொருவர் வீட்டுப் பிள்ளை சோற்றையும் தின்றுவிட்டுப் புத்தகத்தோடு குந்தியிருந்தால் யாருக்கென்றாலும் கண்ணுக்குள் குத்தத்தானே செய்யும்? தர்சினி தேங்காய் துருவினாள், தண்ணீர் அள்ளினாள், எல்லாரும் சாப்பிட்டு முடிந்த பிறகு அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து கணக்கீடு படித்தாள். சோதனைக்கு நடுவில் ஒரு விடுமுறை வந்தது. அம்மாவைப் பார்க்கும் ஆசையில் தீவுக்கு வந்தவளைக் கடல் மடக்கிவிட்டது. காற்றடித்து வள்ளம் ஓடவில்லை. கணக்கீட்டுத் தாள் அவள் இல்லாமலே நடந்து முடிந்தது. இறங்குதுறையில் சீருடையோடு நின்று அழுதவள், அழுது முடிந்ததும் ஒரு முடிவெடுத்தாள். அடுத்த முறை எழுதிப் பாஸ் பண்ணி, வர்த்தக ரீச்சராகி, அந்த முடிவோடுதான் ஊருக்கு வந்தாள். பூட்டிய அறையைத் திறக்க வேண்டும்.

எத்தனையோ வருடம் அவள் கல்வி அலுவலகத்துப் படி ஏறி இறங்கினாள். கடைசியில் இந்த வருடம் அவர்கள் ஒரு வழிக்கு வந்தார்கள். அலுவலர் ஒருவர் வருவார். அவர் முன்னால் ஒரு வகுப்புக்குப் போதுமான பெற்றோர், பிள்ளைகளை இங்கேயே படிக்க விடுவதாகக் கையெழுத்து வைக்க வேண்டும். அன்றைக்கு வைக்காவிட்டால் அந்தக் கதையை இனி எடுக்கவே கூடாது.

கையெழுத்து வைக்க வேண்டிய தகப்பன்மார்தான் தொல்லை. “மகள் ரவுணிலை படிக்கிறாள்” என்று சந்தியில் நின்று சொல்வதில் அவர்களுக்கு ஒரு மிதப்பு. மகளோடு தாயும் பட்டணத்துக்குப் போய் ரவுணில் அறை எடுத்து இருக்க, இங்கே மாடும் கோழியும் தகப்பனும் பட்டினி கிடப்பதை ஒருவரும் சந்தியில் சொல்வதில்லை! இந்தக் கூட்டத்துக்குத் தலைவன் யார்? துஷ்யந்தனேதான். மகள் வினோஜாவுக்கு ரவுணில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் இடம் எடுத்துவைத்திருந்தான்.

“ரீச்சரின்ரை பிள்ளை உந்த வடலிக்குள்ளை படிச்சா ஆர் மதிப்பினம்? நீர் ஊரைத் திருத்தும், என்ரை பிள்ளையை விடும்” என்பான். தர்சினி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஊரோடு மல்லுக்கட்டலாம், வீட்டோடும் சேர்த்து மல்லுக்கட்ட அவளுக்கு அலுப்பாக இருந்தது.

அலுவலர் வருவதற்கு முதல்நாள் பின்னேரம் ஏரம்பர் செத்துப்போனார். நல்ல மனிதர், நிறைந்த வயது. ஆனால் பாதி ஊருக்குச் சித்தப்பா, மீதி ஊருக்கு மாமா. ஊர் முழுக்கச் செத்த வீட்டில் நின்றது. காலை வள்ளத்தில் வந்து இறங்கிய அலுவலர் வின்சன்ற் வெறும் கதிரைகளைத்தான் கண்டார்.

“நான் பின்னேர வள்ளத்துக்குப் போகவேணும், ரீச்சர். வந்த ஆக்களின்ரை கையெழுத்தோடைதான் போவன். ஒருத்தரும் வராட்டி நான் என்ன செய்யிறது?”

“இருங்கோ சேர். ஆக்கள் வருவினம்” என்றாள் தர்சினி. எப்படி வருவார்கள் என்று அவளுக்கே தெரியாது. செத்த வீட்டுக்கு நடந்தாள்.

பிரேதம் எடுத்தார்கள். பெண்கள் ஒப்பாரியோடு வீட்டு ஒழுங்கை தெருவில் திரும்பும் முடக்கு வரைக்கும் போனார்கள். அதோடு நிற்க வேண்டும். சுடலைக்குப் போவது ஆண்கள் மட்டும்தான். சங்குச் சத்தம் தூரப் போய் மறைந்தது. தகப்பன்மார் எல்லாரும் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் போய்விட்டார்கள். எரித்து, கடலில் முழுகி, திரும்பி வர எப்படியும் பின்னேரமாகும். முடக்கில் தாய்மார் மட்டும் நின்றார்கள்.

தர்சினிக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

“இஞ்சை கேளுங்கோ. முழுகிப்போட்டு நேரை பள்ளிக்கூடத்துக்கு வாங்கோ. கையெழுத்தை நீங்கள் வையுங்கோ.”

பெண்கள் திகைத்துப்போனார்கள். “என்ன ரீச்சர், விசர்க்கதை? துடக்கோடை நல்ல காரியம் தொடங்கிறதே?” என்றாள் ஒருத்தி. சாவுத் தீட்டான துடக்கென்றால் எண்ணெய்ச் சட்டிகூட அடுப்பில் வைக்காத சனம் அது.

“உன்ரை மாமி செத்த மூண்டாம் நாள் உன்ரை மகள் கணித சோதினை எழுதினவள்” என்றாள் தர்சினி. “துடக்கெண்டு அவளை மறிச்சனியே? சோதினை துடக்குப் பாக்காது. வள்ளமும் பாக்காது.”

தர்சினியோடு ஒரே வாங்கில் படித்த நிலாந்திதான் முன்னால் வந்தாள். அவளுக்கு இந்தக் கதையில் ஒன்று மட்டும் தெரிய வேண்டும்.

“நான் வைக்கிறன். ஆனா முதலிலை நீ சொல்லு. உன்ரை மகள் எங்கை படிக்கப் போறாள்?”

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வழக்குப் பேசியவளுக்குத் தன் பிள்ளைக்குப் பேச வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. பக்கத்தில் நின்ற வினோஜா மெதுவாகச் சொன்னாள்:

“ரவுணுக்கெண்டு அப்பாதான் சொன்னவர். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை.”

“இப்ப கேக்கிறன், பிள்ளை” என்றாள் தர்சினி.

“நீங்கள் படிப்பிக்கிற கணக்கீட்டை அங்கை ஆரோ படிப்பிக்க நான் ஏன் கடல் தாண்டிப் போகவேணும்?”

நிலாந்தி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். “சரி. வாங்கோடி முழுக.”

கிணற்றடிகளில் வாளிகள் தடதடத்தன. ஈரத் தலையை முடிந்துகொண்டு தாய்மார் அந்தப் பெரிய வளைவுக்குள்ளால் வந்தார்கள். கட்டிய நாளிலிருந்து அவ்வளவு சனம் அதற்குள்ளால் போனதில்லை. பள்ளிக்கூட அலுவலக வாசலில் அதிபர் கையைப் பிசைந்தார். உள்ளே சரஸ்வதி படம் இருக்கிறது, துடக்குக்காரரை எப்படி உள்ளே விடுவது? தர்சினி மறுகதை கதைக்காமல் மேசையை வெளியே இழுத்து வேம்புக்குக் கீழே போட்டாள். அதிபர் கதிரையைத் தூக்கி வந்தார்.

“தகப்பன்மார் ஒருத்தரும் இல்லையோ?” என்றார் வின்சன்ற்.

“தாய்மாரின்ரை கையெழுத்துச் செல்லாதெண்டு எங்கையாவது போட்டிருக்கோ, சேர்?”

அவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டுப் பேனையை நீட்டினார். தர்சினி அதை வாங்கி, வினோஜாவின் பெயரை முதலாவதாக எழுதி, கீழே கையெழுத்து வைத்தாள். பின்னால் நிலாந்தி, அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். தாளில் தலைமயிர் ஈரம் சொட்டியதை வின்சன்ற் தன் கைலேஞ்சியால் ஒற்றி எடுத்தார்.

அவர் வள்ளத்துக்குப் போய்க் கொஞ்ச நேரத்தில், சுடலையால் திரும்பிய ஆண்கள் ஈர வேட்டியோடு வளைவடியில் வந்து நின்றார்கள். தங்கள் பெண்சாதிமாரை அங்கே கண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். விஷயம் விளங்கித் துஷ்யந்தன் மட்டும் விறுவிறென்று உள்ளே வந்தான்.

“என்ன வேலை பாத்தனீர்? நான் ரவுணிலை வாக்குக் குடுத்திட்டன்!”

தர்சினி இந்த முறை பல்லைக் கடிக்கவில்லை. “இஞ்சாருங்கோ, நான் மற்றவையின்ரை வீட்டுக் குசினிக்குள்ளை இருந்து படிச்சனான். ஒரு சோதினையைக் கடலுக்குக் குடுத்தனான். என்ரை பிள்ளைக்கு அது வேண்டாம். உங்களுக்கு வாக்குத்தான் பெரிசெண்டா, நீங்கள் போய் அங்கை படியுங்கோ!”

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. துஷ்யந்தன் சிரிக்கவில்லை. மகளைப் பார்த்தான். “நீயும் ஓமெண்டனியோ?”

“ஓம் அப்பா.”

அவன் பதிலுக்காகத் தர்சினி காத்திருக்கவில்லை. மேசையைத் தனியே இழுக்கத் தொடங்கினாள். இரண்டு அடி போவதற்குள் மேசை பாரம் குறைந்தது. மற்றப் பக்கத்தை அவன் தூக்கியிருந்தான்.

“சரஸ்வதி படம் இருக்கிற கந்தோருக்கை கொண்டு போகாதையும். எனக்கும் துடக்கு” என்றான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. “உந்தப் பூட்டின அறையைத் திறவும். இதை அங்கை போடுவம்.”