பி பக்கம் ஐந்தாவது பாட்டு

கூட்டத்தைப் படிக்கத் தெரிந்தவன் திருநெல்வேலியில் என்னைப்போல இன்னொருத்தன் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொன்னால்தான் என்ன, உள்ளதுதானே! அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். குழாய் ஸ்பீக்கரைத் தோளில் சுமந்துகொண்டு கோயில் கொடைத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் நடந்தே போனவன். பிறகு சொந்தமாக மைக் செட் வைத்தேன். ஜங்ஷன் பக்கம் கேசட் பதிவு செய்துகொடுக்கும் கடையும் போட்டேன். வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது. நடுவில் ஒரு துணித்திரை மட்டும்தான்.

என் பெட்டியில் எப்போதும் ஒரு கேசட் தனியாக இருக்கும். ஆடாதவனையும் ஆட வைக்கிற ஒரு சினிமாப் பாட்டை அதில் சரியான இடத்தில் நிறுத்தி வைத்திருப்பேன். மேடையில் பாடுகிறவன் சொதப்பிக் கூட்டம் எழுந்திரிக்கத் தொடங்கினால், அவன் மைக் சத்தத்தை இறக்கிவிட்டு இதைத் தட்டிவிடுவேன். எழுந்தவன் உட்கார்ந்துவிடுவான். எத்தனையோ கொடையில் எத்தனையோ பாட்டுக் கச்சேரியின் மானத்தை இப்படி நான் காப்பாற்றியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் என் மகள் பாளையங்கோட்டையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ படித்தாள். ஆண்டு விழாவுக்கு வருஷாவருஷம் என் மைக் செட்தான். அங்கே சினிமாப் பாட்டுக்கு மட்டும் இடமில்லை. பெரிய சிஸ்டர் அதில் கறார். பக்திப் பாட்டும் தேசப் பாட்டும்தான் பாடலாம். மகளுக்கும் அவள் கூட்டாளிகள் மூன்று பேருக்கும் அது சலித்துப்போயிருந்தது. ஒருத்தி மாதா கோயில் பாட்டுக் குழுவில் கிட்டார் வாசிப்பாள். ஒருத்தி கீபோர்டு. ஒருத்தி பள்ளி அணிவகுப்பில் டிரம் அடிப்பவள். பாட்டு என் மகள்.

அந்தச் சமயத்தில்தான் கப்பலில் வேலை பார்த்த என் மச்சினன் லீவில் வந்தான். ஜப்பானில் வாங்கிய மூன்று கேசட்டை என் மகளுக்கென்று கொண்டு வந்திருந்தான். எல்லாம் கிட்டாரும் டிரம்முமாக அதிரும் ராக் பாட்டு. பிள்ளைகளுக்கு உடனே யோசனை வந்துவிட்டது. சினிமாப் பாட்டும் இல்லை, ஆட்டத்துக்கும் குறைவில்லை. பெரிய சிஸ்டரிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள்.

"கெட்ட வார்த்தை எதுவும் கிடையாதே?"

"இல்ல சிஸ்டர்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க மாமா சொன்னாவ சிஸ்டர்."

மாமாவுக்கு ஜப்பான் பாஷையில் டீயும் சிகரெட்டும்தான் தெரியும். ஆனாலும் அனுமதி கிடைத்தது. இரண்டு பாட்டு.

மூன்று கேசட்டில் முப்பது பாட்டுக்கு மேல். அட்டையில் இருந்த எழுத்து யாருக்கும் புரியாது. அதனால் ஏ பக்கம் மூணு, பி பக்கம் அஞ்சு என்றுதான் பெயர். எதை எடுப்பது என்று நாலு பேரும் என் கடையில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். நான் சொன்னேன், "எந்திரிங்கட்டி. கூட்டம் எதுக்குக் கைதட்டும்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

என் வழி இதுதான். கடைக்கு எதிரே டீக்கடையும் பஸ் நிற்கிற இடமும். ஸ்பீக்கர் பெட்டியை வாசலில் வைத்து ஒவ்வொரு பாட்டாகப் போடுவேன். கிளாஸைப் பாதி வழியில் நிறுத்தித் திரும்பிப் பார்க்கிறவன் எத்தனை பேர், காலால் தாளம் போடுகிறவன் எத்தனை பேர் என்று பார்ப்பேன். தலை திரும்பாத பாட்டு தேறாத பாட்டு.

முதல் பாட்டிலேயே டீக்கடைக்காரர் சத்தம் போட்டார்.

"என்னவே, கடைக்குள்ள சீனாக்காரன் சண்டை போடுதானா?"

"ஜப்பான் வே!"

"எந்த ஊர்க்காரனா இருந்தா என்ன, எம் பாலு திரியாம இருந்தாச் சரி."

மூன்று சாயங்காலம் போட்டுப் பார்த்தேன். ஏ பக்கம் மூணு வந்ததும் பஸ்ஸுக்கு நின்ற காலெல்லாம் ஆடியது. கொடையில் மேளம் உச்சத்துக்குப் போகுமே, அந்த அடி. "இது ஒண்ணு" என்றேன். பிள்ளைகளும் சரி என்றார்கள். இரண்டாவதுக்கும் அதே மாதிரி ஒன்றை எடுத்து வைத்தேன். மகள் மட்டும் தலையை ஆட்டினாள். அவளுக்குப் பி பக்கம் அஞ்சுதான் வேண்டும். அது ஒற்றைக் குரலில் பைய ஆரம்பிக்கிற பாட்டு. கிட்டார் ரொம்பத் தாமதமாகத்தான் வந்து சேரும்.

"போட்டுப் பார்த்தாச்சு, ஒருத்தன் திரும்பலட்டி."

"திரும்பலப்பா. ஆனா அது ஓடும்போது ஒருத்தரும் பேசவும் இல்ல."

நான் சிரித்தேன். நாற்பது வருஷமாகக் கூட்டம் பார்க்கிறவனுக்கு இவள் பாடம் சொல்கிறாள்!

ஆனால் அவள் விடவில்லை. அந்த ஆனியில் அவளுக்குக் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தேன். மாப்பிள்ளைக்கு வடக்கே தூரத்தில் வேலை. மேலே படிக்கிறேன் என்று அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் முடியாது என்றதும் பிறகு கேட்கவில்லை. இப்போது கேட்டாள்.

"எப்பா, இனிமே நான் எந்த மேடையில ஏறப்போறேன்? இந்த ஒரு பாட்டை முழுசாப் பாடிட்டு இறங்கிருதேன். வேற ஒண்ணும் கேக்கமாட்டேன்."

"சரி, முழுசாப் பாடு" என்றேன். வாக்கு கொடுத்தேன்.

விழா அன்று சாயங்காலம் சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்து, அந்தத் தாமதத்துக்கும் சேர்த்து நீட்டிப் பேசினார். பிள்ளைகள் மேடை ஏறும்போது ஏழரை ஆகிவிட்டது. ஏ பக்கம் மூணு மைதானத்தையே தூக்கிவிட்டது. சிஸ்டர்மாரே சிரித்துவிட்டார்கள். பார்த்தீர்களா, என் கணக்கு! மெஷின் பக்கத்தில் நான் மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

பிறகு பி பக்கம் அஞ்சு. மகள் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். புரியாத பாஷைதான். தமிழில் எழுதிவைத்து மனப்பாடம் செய்ததுதான். ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது. முதல் அடி முடிந்து இரண்டாவது தொடங்கியபோது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். அப்புறம் நாலு பேர். அப்புறம் ஒரு வரிசையே எழுந்து, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்துப் போனது. வெளியே ஏதோ ஹாரன் சத்தம். அது என் காதில் விழாமல் இல்லை. மைக் செட்காரன் வெளிச்சத்தத்தை மண்டைக்குள் ஏற்றமாட்டான், அவ்வளவுதான்.

எழுந்திரிக்கிற கூட்டத்தைத்தான் நான் பார்த்தேன். என் மகளை விட்டுவிட்டு எழுந்திரிக்கிற கூட்டம். கை தன்னால் போனது. அவள் மைக்கை இறக்கி, என் கேசட்டைத் தட்டிவிட்டேன்.

மைதானம் அலறியது. விசில் பறந்தது. மகளுக்கு உடனே விளங்கவில்லை. சத்தமில்லாத மைக்கைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு வரி பாடினாள். வாய் அசைவது மட்டும் தெரிந்தது. பிறகு கண்ணைத் திறந்து நேராக என்னைப் பார்த்தாள். பெரிய சிஸ்டர் மெஷினை நோக்கி வேகமாக வந்துகொண்டிருந்தார். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு என் மைக் செட் போனது அதுதான் கடைசி.

வீட்டில் நானேதான் பேசினேன். "ஆளெல்லாம் எந்திரிச்சுப் போறான், நீ பாட்டுக்குப் பாடிக்கிட்டு நிக்கே. உம் மானத்தைக் காப்பாத்திருக்கேன்ட்டி." அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். என் மனைவி என் இலைக்கு ரசம் ஊற்றாமல் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஒரு வாரம் இருக்கும். கடைக்கு ஒரு பெண் வந்தாள். வயல் வேலைக்குப் போகிறவள் என்று காய்த்துப்போன விரலைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் மகள் அதே பள்ளிக்கூடத்தில் ஆறாவது படிக்கிறாளாம்.

"அண்ணாச்சி, ஆண்டு விழாவில ரெண்டாவதா ஒரு பிள்ளை பைய பாடிச்சுல்லா, அது கேசட்டுல கெடைக்குமா?"

"அதையா? எல்லாரும் எந்திரிச்சுல்லா போனீங்க."

"போகாம? சீவலப்பேரி பஸ்ஸு ஏழே முக்காலுக்கு. அதை விட்டா பிறகு எப்ப வருமோ! டிரைவரு ஹாரன் அடிச்சுக்கிட்டே நிக்காரு. ஓடிப்போயி ஏறி, கேட்டுக்கிட்டே போவோம்னு சன்னல் பக்கமா உக்காந்தேன். வண்டி எடுக்கும் முன்ன அந்தப் பாட்டு நின்னு சினிமாப் பாட்டுல்லா வந்துச்சு. என்ன ஆச்சு, அந்தப் பிள்ளைக்கு மேலுக்கு முடியலையா?"

நான் டேப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். என் கடை வாசலில் தினமும் நின்று போகிற பஸ் அது. நேரம் எனக்கு மனப்பாடம்.

"பாதியா இருந்தாலும் குடுங்க அண்ணாச்சி."

விழாவை நான் பதிவு செய்திருந்தேன். ஆனால் கேசட் வீணாகக் கூடாதென்று முந்தின நாள்தான் அதன்மேல் ஒரு கல்யாண வீட்டைப் பதிந்திருந்தேன். அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து மகள் குரல் கேட்டது.

"அந்த அக்காவுக்கு ஜப்பான்காரங்க கேசட்டையே குடுத்திருங்கப்பா. அதுல முழுசா இருக்கு."

கோபமே இல்லாத குரல். கோபப்பட்டிருந்தால் நானும் நாலு சத்தம் போட்டிருப்பேன். அந்தப் பாட்டை மட்டும் ஒரு கேசட்டில் ஏற்றிக் கொடுத்தேன்.

ஆனியில் கல்யாணம் நடந்தது. வாசலில் என் ஸ்பீக்கர்தான், பாட்டெல்லாம் நான் எடுத்துப் போட்டதுதான். மகள் ரயிலேறிப் போனாள். அப்புறம் ஒரு நாள் சீவலப்பேரிக்காரி அந்தக் கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"கோச்சுக்காதீங்க அண்ணாச்சி. பாட்டு அதேதான். ஆனா இது வேற யாரோல்லா பாடுதா. எனக்கு அந்தப் பிள்ளை பாடுனதுதான் வேணும். எம் மவளும் இது இல்லம்மாங்கா."

மகளுக்கு மாதம் ஒரு கடிதம் போகும். நான் சொல்லச் சொல்ல என் மனைவி எழுதுவாள். மழை, கொடை, யார் வீட்டில் என்ன விசேஷம், எல்லாம் எழுதச் சொல்வேன். ஒருத்தி வந்து, ஜப்பான்காரி பாட்டு வேண்டாம், அந்தப் பிள்ளை பாடியதுதான் வேண்டும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனதை மட்டும் எழுதச் சொன்னதில்லை. அதை எழுதவேண்டுமென்றால், முதலில் அந்த ஏழே முக்கால் பஸ்ஸை எழுதவேண்டும். எனக்கு அது வரவில்லை. இப்போது ஃபோனில்தான் பேசுகிறோம். இன்னும் வரவில்லை.