பக்கத்து வீட்டு சுவிட்சு

"முட்டை போட்டாச்சில்ல? போதும், நகருங்க. பெத்ததையே தின்னுட்டு நிக்காதீங்க" என்று அதட்டியபடியே மீனக்கா தொட்டிக்குள் வடிகட்டியை விடுகிறார். காலையில் அறை விளக்கு எரிந்தால்தான் அந்த ஆராய்ச்சிக்கூடத்து வரிமீன்களுக்குக் குடும்பம் நடத்தத் தோன்றும். நடுவிலிருந்த தடுப்பை எடுத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் அடியில் கடுகு உதிர்ந்ததுபோல முட்டைகள் கிடக்கும். உடனே அள்ளாவிட்டால் பெற்றவர்களே விழுங்கிவிடுவார்கள். அள்ளிய பிறகும் சாவகாசம் கிடையாது. முட்டைக்குள் இருக்கும் ஒற்றை உயிரணு இரண்டாகப் பிரிவதற்குள் ஊசி போட்டு, சோதிக்க வேண்டிய டிஎன்ஏவை உள்ளே விட்டாக வேண்டும்.

ஊசி என்றால் ஆஸ்பத்திரி ஊசி இல்லை. கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்து, முடியைவிட மெல்லியதாக அவரே செய்துகொள்வது. முட்டைகளை ஒரு தட்டில் வரிசையாக அடுக்கி, நுண்ணோக்கியில் முகம் புதைத்து, நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்துவார். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. ஒரு முறை நிறுவனத்தின் இயக்குநரே விருந்தாளிகளோடு வந்து வணக்கம் சொன்னார். மீனக்கா தலையைத் தூக்கவில்லை, ஒரு விரலை மட்டும் தூக்கினார். இயக்குநர் பாவம், தட்டு முடியும்வரை கை கட்டி நின்றார்.

ஐம்பதைத் தாண்டிய வயது. தலையில் ஏற்றிவிட்ட கண்ணாடியை மேசையெல்லாம் தேடுவார். மதியம் அதே கட்டடத்து உணவறையில் வறுத்த மீனை முள் நீக்கி ரசித்துச் சாப்பிடுவார். "எப்படிங்க மனசு வருது?" என்று யாராவது கேட்டால், "இவங்க வேற, அவங்க வேற. ஆபீசையும் வீட்டையும் குழப்பக் கூடாது" என்பார். அவர் ஒரு டாக்டர் பட்டம் பெற்ற ஆராய்ச்சியாளர் என்பது கதவில் எழுதியிருக்கிறது. யாரும் படித்ததில்லை. எல்லாருக்கும் மீனக்காதான்.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வருவது ஒரே ஒரு சொல்லுக்கு. மரபணுக்களுக்கு இடையே கிடக்கும் நீண்ட டிஎன்ஏ பரப்பை யாராவது 'குப்பை' என்றால் போதும், அன்றைக்கு அவர்கள் தொலைந்தார்கள். கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு ஆரம்பித்துவிடுவார். "கண்ணுலயும் அதே டிஎன்ஏ, கல்லீரல்லயும் அதே டிஎன்ஏ. அப்புறம் ஏன் கல்லீரல் உங்களப் பாத்துக் கண்ணடிக்கல?" எந்த மரபணு, எங்கே, எப்போது, எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று சொல்வதற்கென்றே சின்னச் சின்னத் துண்டுகள் அந்தப் பரப்பில் இருக்கின்றன. குறிப்பிட்ட சில புரதங்கள் அங்கே வந்து உட்கார்ந்தால்தான் மரபணு விழிக்கும் என்று விளக்குவார். இப்படிப்பட்ட சில துண்டுகள் வெகு தொலைவில், வேறொரு மரபணுவின் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். "நம்ம வீட்டு விளக்குக்கு சுவிட்சு பக்கத்து வீட்டு அடுப்படியில இருந்தா எப்படி? அப்படித்தான்."

கண் டாக்டர் ஒருவர் அனுப்பிய ஒரு துண்டு ஓராண்டாக அவரைப் பிடித்து ஆட்டியது. ஒரு சிறுமியின் டிஎன்ஏவிலிருந்து எடுத்தது. கருமணியைச் சுற்றி, வெளிச்சத்தை அளந்து உள்ளே விடும் வண்ணத் திரை அந்தப் பிள்ளைக்கு உருவாகவே இல்லை. பகலில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் வாசல் தாண்ட முடியாது. கண்ணுக்கான மரபணுவைச் சோதித்தவர்கள் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். குறையில்லாத இடத்தில் பழி போட ஆள் வேண்டுமே. கர்ப்பமாக இருந்தபோது ஐந்தாம் மாதத்தில் தாய் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டிருந்தாள். போதாதா? மாமியார் அதையே சொல்லிச் சொல்லி, கடைசியில் அவளும் நம்பிவிட்டாள். மண்டையைப் பிளக்கும் தலைவலிக்குக்கூட இப்போது அவள் மாத்திரை தொடுவதில்லை.

பிறகு டாக்டர் மரபணுக்களுக்கு இடையே உள்ள பரப்பில் தேடியபோது, கண் மரபணுவை எழுப்பும் துண்டில் டிஎன்ஏவின் ஓர் எழுத்து மாறியிருந்தது. அம்மாவிடமும் இல்லை, அப்பாவிடமும் இல்லை, பிள்ளையிடம் மட்டும். ஆனால் மாறியிருப்பது ஒன்று, அதனால்தான் கெட்டது என்பது இன்னொன்று. அதைக் காட்டுவதுதான் மீனக்காவின் தொழில்.

நல்ல துண்டையும் மாறிய துண்டையும் தனித்தனியே, பச்சையாக ஒளிரும் மரபணு ஒன்றின் முன்னால் ஒட்டி முட்டைக்குள் செலுத்தினார். செலுத்தியது உள்ளே போய்ச் சேர்ந்ததா என்று தெரிய, இதயம் சிவப்பாக ஒளிர ஒரு ஏற்பாடு. குஞ்சுகள் கண்ணாடிபோல இருக்கும். உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். எந்தத் தட்டு எது என்று அவருக்கே தெரியாதபடி சக ஆராய்ச்சியாளரான தாடிக்காரர்தான் தட்டுகளுக்கு ரகசிய எண் போட்டார். ஒரு தட்டில் குஞ்சுகளின் கண்கள் பச்சையாய் எரிந்தன. மற்றதில் இதயம் மட்டும் சிவப்பு, கண் இருட்டு. எண்ணைச் சரிபார்த்தால், இருட்டுத் தட்டுதான் மாறிய துண்டு. "அடி சக்கை!" என்றார் மீனக்கா. தாயும் மகளும் வந்து பார்க்க டாக்டரிடம் நாளும் குறித்தாயிற்று.

அவர்கள் வருவதற்கு முந்தைய நாள் தாடிக்காரர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். மாறிய துண்டு தலைகீழாக ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியவர் சாட்சாத் மீனக்காதான். நல்லது நேராக, மாறியது தலைகீழாக. இருட்டுக்குக் காரணம் எழுத்தா, தலைகீழா?

இந்த வகைத் துண்டு திருப்பிப் போட்டாலும் வேலை செய்யும், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தாடிக்காரர் சமாதானம் சொன்னார்.

"செய்யும்னு எனக்கும் தெரியும். பாடமே எடுத்திருக்கேன்" என்றார் மீனக்கா. "ஆனா நாலு வருசமா ஒருத்தி தன்னையே குத்தவாளியா வச்சிருக்கா. அவகிட்ட 'செய்யும்னு நினைக்கிறேன்'னு சொல்ல முடியாது."

டாக்டருக்கு அவரே போன் செய்து, தப்பு என்னுடையது, இன்னும் சில வாரம் வேண்டும் என்றார். டாக்டர் அதைச் சொன்னதும், லீவு போட்டு, பையும் கட்டி வைத்திருந்த தாய் போனை வைத்துவிட்டாளாம். அதைக் கேட்ட மீனக்கா அன்று உணவறைப் பக்கமே போகவில்லை. நல்லதைத் தலைகீழாகவும் மாறியதை நேராகவும் ஒட்டி, மறுபடி முதலிலிருந்து நூற்றுக்கணக்கான முட்டைகள். நல்ல துண்டு தலைகீழாக நின்றும் கண்ணை ஏற்றிவைத்தது. மாறியது நேராக நின்றும் இருட்டாகவே கிடந்தது. "சட்டையத் திருப்பிப் போட்டாலும் குளிர் தாங்கும்யா. கிழிஞ்ச சட்டைதான் தாங்காது" என்று தாடிக்காரரின் முதுகில் ஒன்று வைத்தார்.

தாயும் மகளும் டாக்டரோடு வந்தார்கள். முறைப்படி சொல்ல வேண்டியதை டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அது அவளுக்குள் இறங்கியதாகத் தெரியவில்லை. மீனக்கா அறை விளக்குகளை அணைத்தார். பிள்ளை தானாகவே கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, நாற்காலியில் சுற்றத் தொடங்கியது. தாய் நுண்ணோக்கியில் குனிந்தாள். இரண்டு தட்டுகளையும் மாற்றி மாற்றி வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப அந்த மாத்திரை?" என்றாள், தலையைத் தூக்காமலே.

"மாத்திரைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. இந்த எழுத்து மாறினது கரு உண்டாகும்போதே. நீங்க மாத்திரை போட்டது அஞ்சாம் மாசம். உங்க மேலயும் தப்பு இல்ல, உங்க வீட்டுக்காரர் மேலயும் இல்ல. கோடிக்கணக்கான எழுத்தப் பிரதி எடுக்கும்போது ஒண்ணு பிசகிடுச்சு. யாருக்கு வேணா நடக்கும்."

தாய் நிமிர்ந்தாள். அழுவாள் என்று டாக்டர் கைக்குட்டையைத் தேடினார். அவள் போனை எடுத்து எண்ணை அழுத்தி, மணி போகும்போதே மீனக்காவிடம் நீட்டினாள். "எங்க அத்தை. நான் சொன்னா காதுல வாங்க மாட்டாங்க. நீங்க இப்ப சொன்னதையே ஒரு தடவ சொல்லிடுங்க."

மீனக்கா கையுறைகளைக் கழற்றினார். போனை வாங்கி ஸ்பீக்கரைப் போட்டு, தட்டுகளுக்கு நடுவே நிமிர்த்தி வைத்தார். மறுமுனையில் ஒரு குரல் "ஹலோ, யாரு?" என்றது. பதில் சொல்வதற்கு முன், தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்தத் தாயைத் தோளைப் பிடித்து அதில் உட்கார வைத்தார்.