மேகத்துக்குள் நான் சேர்த்த கோடு

1. துண்டுக்கோடு

தொம்மலூரில் ஒரு மேப் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் கான்டூர் போட்டேன். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைச் சேர்க்கும் கோடுதான் கான்டூர். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, தள்ளியிருந்தால் காலார இறங்கலாம். சாட்டிலைட் படத்தில் கண்ணுக்குத் தெரிந்த தரைக்கு முழுக்கோடு போடுவோம். மேகம் மறைத்த இடத்துக்கு, இது ஊகம் என்று காட்டத் துண்டுக்கோடு.

ஒருமுறை தேசியப் பூங்கா ஒன்றிலிருந்த மலை என்னிடம் வந்தது. கிழக்கே புல்வெளியும் மடிப்புகளில் சோலைக்காடும் பளிச்சென்று தெரிந்தன. மேற்கு முகத்தில் மட்டும் மேகம். அங்கே துண்டுக்கோடு போட்டுக் கொடுத்தேன்.

மேனேஜர் கூப்பிட்டார். "ஏம்மா, இப்படித் துண்டு துண்டா இருந்தா கஸ்டமர் திருப்பி அனுப்பிடுவான். சும்மா சேத்து விடும்மா. அங்க யாரு போய்ப் பாக்கப் போறா?"

எனக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். கிழக்கைப் போலத்தானே மேற்கும் இருக்கும் என்று கோடுகளைத் தள்ளித் தள்ளிச் சேர்த்தேன். ஐந்து நிமிட வேலை. பார்க்க அழகாக இருக்கிறது என்று வேறு நினைத்துக்கொண்டேன், வெட்கங்கெட்டவள்.

2. முருகேசன்

போய்ப் பார்த்தது முருகேசன். பாதைகளையும் ஓடைகளையும் நேரில் சரிபார்க்கும் எங்கள் ஃபீல்டு ஆள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். கிளம்பும்போது, "மலைத்தேன் கெடச்சா கொண்டாறேன்க்கா" என்றார். அந்தக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

கூடப் போன வனக்காவலர் பிறகு சொன்னார்: "மழை எறங்கிருச்சும்மா. வந்த வழியே போலாம் சார்னேன். இல்லப்பா, மேற்கால சரிவுதான், முழுக்கோடு போட்டிருக்கு, நம்பி எறங்கலாம்னு முன்னாடி போனாரு. பனியில ஒண்ணும் தெரியல."

மேற்கே சரிவே இல்லை. வெட்டிவிட்டது போல நிற்கும் பாறை. துண்டுக்கோடு இருந்திருந்தால் முருகேசன் அங்கே கால் வைத்திருக்க மாட்டார்.

3. செல்வி

பதினாறாம் நாள் முடிந்து ஈஜிபுராவில் அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறை அலமாரித் தட்டுகளில் எங்கள் ஆபீஸ் வேஸ்ட் பிரிண்ட் விரித்திருந்தது. அவர் மனைவி செல்வி அந்த மலையின் மேப்பைக் கேட்டாள். பையிலிருந்து எடுத்து விரித்தேன்.

"எந்த எடம்க்கா?"

விரலை வைத்தேன். அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"கோடெல்லாம் தள்ளித் தள்ளித்தான இருக்கு? நெருங்கி இருந்தாத்தான் செங்குத்துன்னு அவரு சொல்லிக் குடுத்திருக்காரு. இங்க எப்படிக்கா விழுந்தாரு?"

மேனேஜர் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "நான் பாக்காம போட்ட கோடு அது, செல்வி" என்றேன்.

அவள் மேப்பை மடித்து என் கையில் கொடுத்தாள். "இத நீங்களே வச்சிக்கங்க."

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான். பார்க்காத தரைக்கு முழுக்கோடு போடாதீர்கள், யார் கேட்டாலும். அதன்பின் ஓய்வுபெறும் வரை நான் போட்டதில்லை. அந்த மேப் என் பீரோவில் இருக்கிறது. அதில் அந்தக் கோடு இன்னும் முழுசாகத்தான் இருக்கிறது.