அம்மாவின் விரலில் எடுத்த சொட்டு

உயர்தர வகுப்பில் உயிரியல் படிப்பவர்கள் ஆளுக்கொரு ஆய்வு செய்ய வேண்டும், சிறந்ததற்குப் பரிசு உண்டு என்று ஆசிரியை சொன்னபோது, பெரிய ஆள் மாதிரி நான் ரத்தச்சோகையைத் தேர்ந்தெடுத்தேன். தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பெண்களின் ரத்தத்தில் ஈமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. அளக்கும் கருவியை ஆசிரியை இரவல் வாங்கித் தந்தார். ஞாயிற்றுக்கிழமை, அக்கரப்பத்தனைக் குளிரில், பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் எல்லோரும் கூடினார்கள். தோட்டத்து மருத்துவிச்சி விரலில் குத்த, நான் சொட்டை எடுத்துக் கருவியில் வைத்தேன்.

சொட்டு வந்தால்தானே. கொழுந்து பறித்துப் பறித்துக் கறுத்துக் காய்ப்பேறிய விரல்கள். ஊசி சரியாக இறங்கவே இல்லை. ஒவ்வொரு விரலையும் பிடித்து, மாட்டில் பால் கறப்பது போலப் பிதுக்கினேன். பெண்கள் சிரித்தார்கள். கடைசியாக அம்மா வந்து கையை நீட்டினாள்.

எண்ணைப் பார்த்ததும் கருவியை அம்மாவுக்குத் தெரியாமல் என் பக்கம் திருப்பிக்கொண்டேன். வந்த எல்லோரையும் விட அம்மாவுக்குத்தான் குறைவு. அவ்வளவு குறைந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று ஆசிரியை முதலிலேயே சொல்லியிருந்தார்.

"என்ன, பாஸா?" என்றாள் அம்மா.

"டீச்சர்கிட்ட காட்டிட்டுத்தான் சொல்லணும்மா" என்று மழுப்பினேன்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நின்றபடி அம்மா கொழுந்து பறிக்க மலைக்கு ஏறுவதைப் பார்த்தேன். கொஞ்ச தூரம் ஏறுவாள், நிற்பாள். பின்னால் வருகிறவர்களோடு கதைபேசத்தான் நிற்கிறாள் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். இப்போது அவள் நிற்கும்போதெல்லாம் எனக்குப் பயம் கூடியது. வழுக்கும் மலை. தலை சுற்றி விழுந்தால் யார் பிடிப்பார்கள்?

ஆசிரியை எண்களைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "எல்லாருக்குமே ஒரேயடியா குறைஞ்சிருக்கே. விரல பிதுக்குனியா?"

தலையாட்டினேன்.

"பிதுக்குனா ரத்தத்தோட சதையில உள்ள தண்ணியும் வந்திரும். குறைச்சுத்தான் காட்டும். கைய சுடுதண்ணியில வச்சு, தானா வர்ற சொட்ட எடுத்து மறுபடி பாரு."

பிழை செய்து மாட்டிக்கொண்டும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் ஆய்வு முழுக்கப் பிழையாகப் போகட்டும், பரிசும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று வந்தால் போதும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதைத்தான் வேண்டிக்கொண்டேன்.

அன்று மாலையே மருத்துவிச்சியைக் கூட்டி வந்தேன். நேற்று நான் பார்த்தது பிழை என்று பெண்களிடம் சொன்னேன். கேலி செய்துகொண்டே வெந்நீர்ச் சட்டியில் கையை வைத்தார்கள். இந்த முறை சொட்டு தானாக வந்தது. ஒருவர் பின் ஒருவராக எண் ஏறியது. எனக்கு மூச்சு வந்தது. அம்மாவின் கையை நானே வெந்நீரிலிருந்து எடுத்துத் துடைத்தேன்.

அவளுடைய எண் மட்டும் ஏறியும் ஏறாததுமாக நின்றது.

அம்மா என் முகத்தையே பார்த்தாள். "என்ன, இன்னைக்கும் பிழையா பாத்துட்டியா?"

"இல்லம்மா" என்றேன். "இன்னைக்குத்தான் சரியா பாத்திருக்கேன்."