மணல் காத்த கோட்டை

1959 சித்திரையில் நான் எழுதிவைத்த குறிப்பு இது: “குடகனாறு. துளி நீர் இல்லை. இன்று ஜெயம்.”

அந்த ஆண்டு எங்கள் வாசகசாலை விழாவில் படிக்க ஒரு கட்டுரை தயாரித்திருந்தேன். திண்டுக்கல் மலைக்கோட்டையை மதில் மட்டும் காக்கவில்லை, கரூர்ப் பாதையில் வேடசந்தூர் அருகே குறுக்கிடும் குடகனாறும் காத்தது என்பது என் வாதம். வெள்ளக் காலத்தில் மட்டுமல்ல, வறண்ட கோடையிலும் அது கோட்டையைப் பிடிக்க வந்த ஆங்கிலேயக் கும்பெனியின் பீரங்கி வண்டிகளை நிறுத்தியிருக்கும் என்று எழுதியிருந்தேன். வாசகசாலைச் செயலாளர் என் பள்ளித் தோழர், பேகம்பூரில் தோல் வியாபாரி. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“ஏன் மாப்ளே, தண்ணியே இல்லாத ஆறு எவனைத் தடுக்கும்? ஆடெல்லாம் நடந்து போகுது.”

“ஆடு போகும் பாய். பீரங்கி போகாது.”

“இதைப் படிச்சா சனம் கைகொட்டிச் சிரிக்கும். நிரூபிச்சுக் காட்டு, மேடை தாரேன். இல்லாட்டி இந்த வருசம் நீ கீழ உக்காந்து கேளு.”

அந்த வாரமே வேடசந்தூர்ப் பக்கம் அவர் வாங்கிய உப்புத்தோல்களை ஏற்றிவர மாட்டுவண்டியில் போனோம். திரும்பும்போது, பாலத்துக்குச் சுற்றாமல் வண்டியை நேரே ஆற்றில் இறக்கச் சொன்னார். வண்டிக்காரரும் டவுன் வீதிகளில் மட்டுமே ஓட்டிப் பழகியவர்.

“காலி ஆறுதான மொதலாளி, ஒரே ஓட்டத்துல ஏத்திருவேன்” என்றார்.

நடு ஆற்றில் சக்கரம் அச்சுவரை புதைந்தது. மாடுகள் மண்டியிட்டன. பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார், வண்டி அசையவில்லை.

“இப்ப எதிரி அக்கரையில நின்னா எம்புட்டு நேரம் சுடுவான் பாய்?”

“வியாக்கியானம் அப்புறம். மொதல்ல தள்ளு மாப்ளே!”

தோல் முழுவதையும் இறக்கினோம். கரைக்காட்டு விவசாயியிடம் கேட்டுச் சோளத்தட்டைகளை வாங்கிவந்து சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு வரிசையாகப் பரப்பினேன். படைகள் அப்படித்தான் மணலைக் கடந்திருக்கும் என்பது கட்டுரையின் அடுத்த பக்கம். வண்டி முனகிக்கொண்டு கரையேறியது. மறுபடி தோல்களைச் சுமந்து ஏற்றி முடித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

“ஒத்த வண்டிக்கே இம்புட்டுப் பாடு” என்று பாய் மூச்சு வாங்கினார். “மேடை உனக்குத்தான். நான் தள்ளுனதை மட்டும் சொல்லிப்புடாத.”

நான் சொல்லவில்லை. விழாவில் என் கட்டுரை பாதியில் இருக்கும்போதே அவரே எழுந்து, தாம் சக்கரத்துக்குத் தோள் கொடுத்த கதையை நடித்துக் காட்டினார். எழுந்த கைத்தட்டலில் மீதிப் பக்கங்களைப் படிக்கச் சற்று நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

கரூரிலிருந்து வந்த கும்பெனிப் படை ஆற்றை அந்த இடத்தில்தான் கடந்ததா என்பதை மட்டும் இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.