அவள் பக்கத்து பெல்ட்

எங்கள் பழைய காரின் முன்சீட் பெல்ட்டுகள் இரண்டுமே சட்டென்று இழுத்தால் பிடிக்காமல் தளர்ந்து வந்தன. மெக்கானிக் மாற்றச் சொன்னார். நான் என் பக்கத்தை மட்டும் மாற்றினேன்.

"எனக்க பக்கம் மாத்தலியா?" என்று மனைவி கேட்டாள்.

"கருங்கல் சந்தை வரைக்கும் போக இது போதும்ட்டி."

அடுத்த வாரமே, முன்னால் போன பஸ் திடீரென நிற்க, அதன்மேல் மோதினோம். என் பெல்ட் என்னை இறுக்கிப் பிடித்தது. அவளுடையது அப்படியே உருவிக்கொண்டு வந்தது. டேஷ்போர்டில் முகம் அடித்து, அவளுக்கு இடது கண் பார்வை போனது.

"இவ பெல்ட் போடலியா?" என்று ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த அவளுடைய அண்ணன் என்னிடம் கேட்டார்.

"நான்தான் மறந்துட்டேன் அண்ணே," என்றாள் அவள்.

அவர் அவளைத் திட்டினார். இன்றும் உறவினர்கள் அவளுடைய கவனக்குறைவைச் சொல்லி என்னிடம் வருத்தப்படுகிறார்கள். நானும் தலையாட்டுகிறேன்.