தாசில்தாரின் தலைப்பாகைக்காக அறுத்த விட்டம்

திருவட்டாறு பக்கம் நான் வாழ்க்கைப்பட்டுப் போனது ஒரு பலகைச் சுவர் வீட்டுக்கு. எங்கள் கல்யாண விருந்துக்கு வரும் தாசில்தாரின் தலைப்பாகை தட்டக் கூடாது என்று, இரு சுவர்களையும் இழுத்துப் பிடித்திருந்த குறுக்கு விட்டத்தை மாமனார் அறுத்து எடுத்திருந்தார்.

ஐப்பசி மழையில் ஓட்டுக் கூரை நனைந்து கனத்தது. சுவர்கள் இரண்டும் மேல்பக்கம் வெளியே சாய்ந்தன. ஓடுகள் சரிந்து விழுந்தன.

“எல்லாம் இவ காலெடுத்து வச்ச நேரம்!” என்றாள் மாமியார், உறவுக்காரர்கள் முன்னால். எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள். மேலே பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

“மாமா, மேல பாருங்க. அறுத்த விட்டத்துக்க முனை ரெண்டு செவருலயும் இருக்கு. கட்டிப் பிடிச்சத அறுத்தா கூரை செவரத் தள்ளாதா?” என்றேன்.

“ஏட்டி, வாய மூடு. நீ என்ன ஆசாரியா?” என்றார் மாமனார்.

மறுநாளே ஆசாரியை வரவழைத்து, வடம் போட்டுச் சுவர்களை உள்ளே இழுத்து, அதே இடத்தில் புது விட்டம் வைத்தார். பிறகு எத்தனையோ மழை பெய்தது, சுவர் அசையவில்லை. மாமனாரும் கடைசிவரை அதன் அடியில் குனிந்துதான் போனார். ஆனால் ஊருக்கு இன்றும் நான் சுவரைச் சாய்த்த மருமகள்தான்.